எட்டாத காது

போன மாதம் என் வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. கையைத் தூக்கினால் உயிர் போனது. ஓசூரில் எலும்பு மருத்துவரிடம் காட்டினேன். அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பிவைத்தார். அவள் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில், பக்கத்துக் கட்டிலில் இடுப்பு வலிக்காகப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலிக்கிறதா என்று அந்தப் பெண் பதறிப்போய்க் கேட்டாள். வலித்தது உண்மைதான். ஆனால் இதே காதுக்காக ஒருமுறை என் தலைமுடி அத்தனையும் போயிருக்கிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரியில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில் இருந்தது. எங்கள் வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம். எந்த மொழியில் கேட்டாலும் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கும் பிறந்த தேதி தெரியாது. நான் கறவைப் பசு கிணற்றில் விழுந்த வருஷத்தில் பிறந்தவள். என் தம்பி அதற்கு அடுத்த வருஷம், கேழ்வரகு அறுப்பின்போது பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் பசுவையும் கேழ்வரகையும் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா? அதனால் வாத்தியார் காதைச் சாட்சியாக வைத்துக்கொண்டார். வலது கை உச்சந்தலையைத் தாண்டிப் போய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. கழுத்தைச் சாய்த்து ஏமாற்றவும் வழியில்லை. அவர் தெற்கத்திக்காரர், மோவாயைப் பிடித்தாரென்றால் தலை அசையாது.

முந்தின வருஷமே நான் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தேன். என் விரல் காதுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிடும். அதைவிடக் கொடுமை, என்னைவிடச் சின்னவனான தம்பிக்கு அடுத்த வருஷத்துக்குள் கை எட்டிவிட்டது. எட்டியது மட்டுமா, காதைப் பிடித்து இழுக்கவே செய்வான். நான் களி உருண்டையை வாயில் வைக்கும் நேரம் பார்த்து எதிரில் உட்கார்ந்து இழுத்துக் காட்டுவான். எனக்கோ இரண்டு வயதில் வந்த ஏதோ நோயில் உடம்பு அப்படியே நின்றுபோய், தலை மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்திருந்தது. ஊர்ப் பிள்ளைகள் என்னைப் பூசணி என்று கூப்பிட்டார்கள். நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

அப்பா முடிவு சொல்லிவிட்டார். ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தம்பியைச் சேர்த்துவிடுவது. எனக்கும் எட்டினால் கூடவே போகலாம். எட்டாவிட்டால், பெண்பிள்ளைதானே, வீட்டோடு கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்கு அந்தக் கன்றுக்குட்டியை அறவே பிடிக்காது.

வீட்டில் என் பக்கம் இருந்தது அம்மா ஒருத்திதான் என்று நான் நம்பினேன். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை துவட்டும்போது தவறாமல் தொடச் சொல்வாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டுவேன். விரலுக்கும் காதுக்கும் நடுவில் தன் விரலை வைத்து இடைவெளியைப் பார்ப்பாள். அன்றைக்கு என் களியில் மட்டும் நெய் கூடுதலாக இருக்கும், தம்பி அழுதாலும் முட்டை எனக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்தின் மேல் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமை தாங்காது.

நானும் சும்மா இருக்கவில்லை. வேப்பமரக் கிளையில் ஒற்றைக் கையால் தொங்கினேன். காதை மேல்நோக்கி இழுத்து இழுத்துச் சிவக்கவைத்தேன். தம்பியிடம் பாதி வெல்லக்கட்டியைக் கொடுத்து என் கையை இழுக்கச் சொன்னேன். அவன் வெல்லத்துக்கு வஞ்சனை இல்லாமல் இழுத்தான். கை நீளவில்லை, கை கழன்றுவிடும் என்ற பயத்தில் நான்தான் கத்தினேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. எங்கள் ஊரில் காற்சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கும் ஒரே மனிதர் அவர்தான் என்பதால், அவரால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை என்பது என் முடிவு. என் கதையைக் கேட்டதும் ஒரு நூலை எடுத்து என் கையை அளந்தார், தலையைச் சுற்றி அளந்தார், பழுதான இயந்திரத்தைப் பார்ப்பதுபோல என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரெண்டு சாமான் ஒண்ணோட ஒண்ணு சேரலைன்னா, ஒண்ணை நீட்டணும், இல்லைன்னா இன்னொண்ணை அராவணும் பாப்பா. கையை நீட்ட முடியாது. தலையைத்தான் அராவணும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அரத்தைக் கொண்டுவரப்போகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் காலையில், ஓசூருக்குப் போய்ப் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார். சந்தைத் திடலில் ஒரு புளியமரத்தடியில் நாவிதர் உட்கார்ந்திருந்தார். எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று அவர் தெலுங்கில் விசாரித்தார். சரஸ்வதிக்கு என்று மாமா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

என் முடி அடர்த்தியான முடி. சும்மாடு சுற்றி வைத்ததுபோல உச்சியில் உட்கார்ந்திருக்கும். அது மடியில் விழ விழ எனக்கு அழுகை வரவில்லை, உள்ளுக்குள் குதியாட்டமாக இருந்தது. தலை இளைக்கிறது, இளைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் குளிரக் குளிரச் சந்தனம் தடவி விட்டதும் மாமா தலையை அசைத்தார். கையைத் தூக்கினேன். விரல் வழுக்கிக்கொண்டு போய் எதிலோ முட்டியது. காது. என் காது. நகக்கண் மட்டும்தான் பட்டது, ஆனாலும் பட்டது.

"ஆயித்து" என்றார் மாமா கன்னடத்தில். வேலை முடிந்தால் அப்படித்தான் சொல்வார்.

பஸ்ஸில் கண்டக்டருக்குத் தொட்டுக் காட்டினேன். வழியில் புல்லுக்கட்டோடு வந்தவர்களை நிறுத்தித் தொட்டுக் காட்டினேன். அந்தக் கன்றுக்குட்டிக்கும் காட்டினேன், இனிமேல் நீயாயிற்று உன் வைக்கோலாயிற்று என்று. பிறகு அடுப்பங்கரைக்கு ஓடினேன். அம்மா என் தலையைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் கையைத் தூக்கித் தொட்டேன். கட்டிப் பிடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் என்னைத் தாண்டி மாமாவைப் பார்த்தாள். "அளவையே கெடுத்துட்டியேடா" என்றாள். "அவளாவே தொடணும். நீ தொட வெக்கக் கூடாது."

மாமா, முடிதானே அக்கா, முளைத்துவிடும் என்று ஏதோ இழுத்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவு அழகான முடி போனால் எந்த அம்மாவுக்குத்தான் கோபம் வராது என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை தூறலில் மொட்டைத் தலை சில்லிட, அப்பாவோடும் தம்பியோடும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டும் பையன்களா என்று வாத்தியார் கேட்டார். அப்பா என் பாவாடையைக் காட்டினார். வாத்தியார் என் மோவாயைப் பிடித்தார். கை போனது, நகம் பட்டது. அவர் என் மொட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு பிறந்த தேதி கேட்டார். அப்பா பசுவிலிருந்து ஆரம்பிக்கவும், போதும் என்று கையைக் காட்டிவிட்டு, எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே தேதியாகத் தாமே எழுதிக்கொண்டார். அரசாங்கக் கணக்கில் இன்றுவரை நாங்கள் இரட்டைப் பிள்ளைகள்.

பள்ளிக்கூடம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. சிலேட்டில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டபின், வீட்டில் எதைக் கண்டாலும் எண்ணினேன். கோழிகள், உத்தரக் கட்டைகள், அப்பாவின் தும்மல்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் மாறவில்லை. அம்மா குளிப்பாட்டியதும் தொடச் சொன்னாள். முடி முளைக்க முளைக்க விரல் காதைவிட்டுப் பின்வாங்கியது. மறுபடியும் நெய், மறுபடியும் முட்டை. அதுதான் சேர்ந்தாயிற்றே, இன்னும் என்னாத்துக்கு என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"பள்ளிக்கூடத்துக்கு இல்லடி. எனக்கு" என்றாள்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முடி வளர்ந்து உச்சியில் சின்னக் குடுமி போடும் அளவுக்கு ஆகியிருந்தது. பள்ளிக்கூட மணி அடித்துவிடுமே என்ற அவசரத்தில் ஏனோதானோ என்று கையை வீசினேன். விரல் காதில் பட்டது. அம்மா மறுபடி தொடச் சொன்னாள். இடது கையால் தொடச் சொன்னாள். குடுமியை இறுக்கி முடிந்துவிட்டு அதற்கு மேலாகத் தொடச் சொன்னாள். எட்டியது. காது மடலைப் பிடித்து இழுக்கவே முடிந்தது. அம்மா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வாசலில் நின்று, கழனியிலிருந்த அப்பாவைப் பேர் சொல்லாமல் எப்படியெல்லாம் கூப்பிட முடியுமோ அப்படியெல்லாம் கூப்பிட்டாள்.

அப்பா மண்வெட்டியோடு ஓடிவந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர் முகம் வெளிறியிருந்தது. அம்மா என்னைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாயசம். நான் எப்போதோ தொட்டேன், எனக்கு யாரும் பாயசம் வைக்கவில்லையே என்று தம்பி சண்டை பிடித்தான். நியாயமான சண்டைதான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இத்தனை மாதம் கழித்து எதற்குப் பாயசம் என்று எனக்கும் புரியவில்லை. இருந்தாலும் பாயசத்திடம் போய் யார் காரணம் கேட்பது? இரண்டு டம்ளர் குடித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா தன் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர்மேல் இருந்த கோபம் போயிருந்தது. என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"மூணாவதுக்குத்தான்டா எட்டிச்சு."

மாமா குனிந்துகொண்டார். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதும், இரண்டும் காதைத் தொடும் வயதுவரை இருக்கவில்லை என்பதும், எனக்கே பிள்ளைகள் பிறந்தபின் தெரிந்த விஷயம். அன்றைக்கு மடியில் கிடந்தபடி நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் ஒன்று, தம்பி இரண்டு. எத்தனை தடவை எண்ணினாலும் அவ்வளவுதான். பாவம், அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லையே.

"நீ தப்பா எண்ணுற. நாளைக்குச் சிலேட்டுல எழுதிக் காட்டுறேன்" என்றேன்.

"எழுதிக் காட்டு சாமி" என்றாள் அம்மா.