வயது நோட்டும் அண்ணனின் கையெழுத்தும்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே "தோற்றம்" என்ற சொல் இருக்கிறது. எதிரே ஒன்றும் இல்லை. அச்சகத்தாரின் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் மூன்று முறை கேட்டார். "ஏதாவது ஒரு தேதி சொல்லும்மா, பக்கம் மொட்டையா நிக்குது" என்றார். மொட்டையாகவே நிற்கட்டும் என்று சொன்னவள் நான்தான். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகும் இந்த நாளில் வீட்டுக்கு வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும், தோல் கிடங்கில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் பந்து எறியக் கற்ற பிள்ளைகளுக்கும் இந்த மலரைக் கொடுக்கிறோம். மலரில் நல்லதை மட்டும் எழுது என்று சித்தப்பா சொன்னார். நல்லது எழுத நிறைய உண்டு. ஆனால் அண்ணன் பெயரில் ஒரு பழி இருக்கிறது. உங்களில் பலர் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அதைத் தொடாமல் விட்டால் நானும் அதை ஒப்புக்கொண்டதாக ஆகும். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக அம்மாவின் மடியில் பம்பாய்க்கு ரயிலேறினார். நான் தாராவியில் பிறந்தவள். அப்பா தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்து, அதிலேயே உடம்பு கெட்டு இறந்தார். அப்பா நின்ற தொட்டியில் அடுத்த மாதமே அண்ணன் இறங்கினார். அப்போது அவர் ஏழாவது படித்துக்கொண்டிருந்தார். படிப்பு அத்தோடு சரி.

பேஸ்பால் அவருக்குத் தெரிய வந்தது தோலால்தான். கிடங்கிலிருந்து தோல் வாங்கும் ஒரு கடைக்காரர், ஒரு பெரிய கையுறையைக் கொடுத்து, இதைப்போல் இருபது தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ராட்சசன் கை போலிருந்த அது எதற்கு என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியவில்லை. "அடுப்புலேருந்து சட்டி இறக்கவா இருக்கும்" என்றாள் அம்மா. செம்பூரில் டிசூசா என்று ஒரு கோவாக்காரர், பல வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர்தான் அதைக் கையில் மாட்டிக் காட்டி, அமெரிக்கத் துறைமுகங்களில் தாம் பார்த்து ஆடிய ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒருவன் எறிய வேண்டும், ஒருவன் மட்டையால் அடிக்க வேண்டும், அடித்தவன் நாலு மூலையையும் தொட்டு வீடு திரும்ப வேண்டும். அண்ணன் கேட்டுவிட்டு, "நம்ம பயலுவளுக்கு எறியவும் ஓடவும் சொல்லியா குடுக்கணும்?" என்றார். கழிவுத் தோலில் கையுறை வெட்டினார். நானும் அம்மாவும் தைத்தோம்.

தோல் காயப்போடும் வெளிதான் ஆடுகளம். தோலை இழுத்து அடிக்கும் ஆணிகள் மண்ணில் கிடக்கும். காலில் குத்தாத பையன் கிடையாது.

முதல் இரண்டு வருஷம் எல்லாப் பையன்களும் ஒன்றாக ஆடினார்கள். அதாவது, பெரியவன் ஆடுவான், சின்னவன் பந்து பொறுக்குவான். எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டை கைக்கு வரும்போது பொழுது போயிருக்கும். அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. பத்து முடியாதவர்கள், பன்னிரண்டு முடியாதவர்கள், பதினான்கு முடியாதவர்கள் என்று மூன்றாகப் பிரித்தார். சின்னவர்களுக்குத் துணி சுற்றிய பந்து. எல்லாப் பையனும் எல்லா இடத்திலும் ஒரு மாதம் நிற்க வேண்டும். எறிபவன் ஒரு நாளில் நாற்பதுக்கு மேல் எறியக்கூடாது. நாற்பது புளியங்கொட்டை வைத்திருப்பார், ஒவ்வொரு எறிக்கும் ஒன்றை நகர்த்துவார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி" என்று பையன் கெஞ்சினால், "கொட்டை தீந்துட்டு, போய் தண்ணி குடிலே" என்பார். தோளும் முழங்கையும் முற்றாத பிள்ளையை எறியவிட்டால் இருபது வயதில் கை போய்விடும் என்று டிசூசா சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அது வேதம். வயதுப் பிரிவு அவருக்குப் போட்டிக்காக அல்ல, பிள்ளைகளின் கைக்காக.

மாட்டுங்கா, செம்பூர், விக்ரோலிப் பையன்களுக்கும் ஆட்டம் பரவியது. மாட்டுங்காவில் அலுவலகத்துக்குப் போகும் பெரியவர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்தார்கள். நாலு இடத்துப் பிள்ளைகளுக்கும் போட்டி என்றார்கள். ரயில் பாதை ஓரம் ஒரு மைதானம் அவர்கள் வசம் இருந்தது. புல் உள்ள மைதானம். பன்னிரண்டு முடியாதவர்கள் பிரிவில் எந்த இடம் ஜெயிக்கிறதோ, அந்த இடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் காலை அந்த மைதானம் என்று அறிவித்தார்கள். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "ஆணி இல்லாத தரையில ஆடலாம்ட்டி" என்றார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது வயது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உயரத்தைப் பார்த்து ஒரு வருஷம் போடுவார், தேதிக்கு ஜூன் ஒன்று போடுவார். எங்கள் பகுதியில் வகுப்பு முழுவதும் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். எட்டு வயதில் பள்ளிக்குப் போனவனும் குட்டையாக இருந்தால் அந்தத் தாளில் ஐந்து வயதுதான். அண்ணன் கமிட்டியிடம் போய், இந்தத் தாள் பொய், பெற்றவளைக் கேட்டு நான் உண்மை வயது எழுதித் தருகிறேன் என்றார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

கல்யாணமாகாத ஆண் ஒருவர் வீடு வீடாகப் போய், பெண்களிடம் எப்போது பிள்ளை பெற்றாய் என்று கேட்க முடியாது. கேட்கப் போனவள் நான். என் அம்மா, பக்கத்து வீட்டு அம்மா, யாரிடமும் ஆங்கில மாதம் இல்லை. கொடைதான் கணக்கு. அவரவர் ஊரில் வருஷா வருஷம் நடக்கும் அம்மன் கோயில் திருவிழாவான கொடை முடிந்ததும் திருநீறும் குங்குமமும் கடித உறையில் வரும். பிள்ளை பிறந்த பிறகு எத்தனை உறை வந்தது என்று எந்தத் தாயும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். நான் ஒரு கொடைக்கு ஒரு வயது என்று எழுதினேன்.

சுடலைமுத்து என்று ஒரு பையன். அவன் அம்மா பேச்சியக்கா, தோல் கிடங்கில் பச்சைத் தோலிலிருந்து உப்பைத் தட்டுகிறவள். நான் போனபோது அவள் துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"இவன் பொறந்த பொறவு எத்தன கொடை அக்கா?"

"பதினோரு கொடை கழிஞ்சிட்டு. ஏன், பொண்ணு பாக்கியளா?"

சிரித்தோம். பதினொன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது.

அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு, "வளத்தி ஜாஸ்தியா இருக்கானே. நல்லாக் கேட்டியா?" என்றார். அன்று நான் பதினேழு வீடு ஏறி இறங்கி அலுத்திருந்தேன். "கேட்டேன். நம்பிக்கை இல்லன்னா நீயே போய்க் கேளு" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

இறுதி ஆட்டம் மாட்டுங்காவோடு. சுடலைமுத்து எறிந்தான். அவன் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. மாட்டுங்காப் பிள்ளைகள் மட்டையைச் சுற்றிச் சுற்றி அழுகிற நிலைக்கு வந்தார்கள். "மீசைக்கு எண்ணெய் தடவிண்டு வந்திருக்கான் பாருங்கோ, இவன் பன்னிரண்டுக்குள்ளயாம்" என்று ஒரு தகப்பனார் கத்தினார். எங்கள் ஆட்கள், "ஒம் பிள்ளைக்கு நெய்ச் சோறு போட்டும் கை வரலியே, அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்று திருப்பிக் கத்தினார்கள். ஜெயித்தோம். புல்லில் பிள்ளைகள் உருண்டார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நடந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் கமிட்டி பேச்சியக்காளை அழைத்தது. அண்ணன் கூட்டிப்போனார். நானும் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். பதினோரு கொடைதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். நன்றாக யோசித்துச் சொல்லும்படி சொன்னார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பதினோரு கொடை. நடுவுல எங்க ஊர்ல ரெண்டு தெருவுக்கும் சண்டை வந்து மூணு வருசம் கொடை நின்னுல்லா போச்சு. அதச் சேத்தா பதினாலு ஆவும்."

அண்ணன், "இத ஏங்க்கா முன்னாலயே சொல்லல?" என்று கேட்டார்.

"யாரு கேட்டா?" என்றாள் பேச்சியக்கா. அவள் மீது ஒரு குற்றமும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்க வேண்டியதைக் கேட்காதவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

கமிட்டிச் செயலாளர் நோட்டைத் திருப்பி அண்ணன் முன் வைத்தார். "பக்கத்துக்குப் பக்கம் நீர்தான் கையெழுத்துப் போட்டிருக்கீர். பள்ளிக்கூடத் தாள் பொய்யின்னு சொன்னதும் நீர்தான். இப்போ என்ன சொல்றீர்?"

"கையெழுத்து என்னுது சார். தப்பும் என்னுதுதான்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் உள்ளே போகவில்லை. இரண்டு அடி தூரம். போகவில்லை.

மைதானம் மாட்டுங்காவுக்கே போனது. அதோடு விடவில்லை. நோட்டு முழுவதும் பொய் என்றார்கள். தாராவிப் பிள்ளைகள் இனி எந்தப் பிரிவிலும் வேண்டாம் என்றார்கள். மற்றவர்களுக்கு வயதுக்கு இனிப் பள்ளித் தாள்தான், ஜூன் ஒன்றுதான். பொய்யான தாளைக் கொண்டு வந்தவர்கள் யோக்கியர்கள் ஆனார்கள். பதினேழு தாய்மாரைக் கேட்டு எழுதியவர் ஏமாற்றுக்காரர் ஆனார்.

திரும்பும் வழியில் நான் அழுதேன். "விடுட்டி. அந்தப் பயல நாப்பது எறிய விட்டேன். அவன் பதினாலு, அதனால கைக்கு ஒண்ணும் ஆவாது. மாத்தி ஆகியிருந்தாத்தான் பாவம்" என்றார். அவருக்கு அப்போதும் கைதான் கணக்கு.

அதன் பிறகு உங்களில் பலர் பேசியதை நான் மறக்கவில்லை. தெருமுனை நாக்காவில் அவரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஒம்ம வயசு எத்தன கொடை?" என்று கேட்டீர்கள். பெண் கொடுப்பதாக இருந்த வீட்டார் பின்வாங்கினார்கள். சித்தப்பா, நீங்கள் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, "சுண்ணாம்புல நிக்கிற பயலுக்கு அமெரிக்க ஆட்டம் ஒரு கேடா?" என்று கேட்டீர்கள். அண்ணன் உங்களுக்குத் தேநீர் வாங்கப் போனார்.

சுடலைமுத்து அடுத்த வாரமே கிடங்கு வேலைக்குப் போனான். பதினாலு வயது என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே, இனி ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று அவன் அப்பா சொன்னார். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். போட்டி இல்லாத ஆட்டத்துக்கு எவன் வருவான்? கடைசியில் ஐந்து பேர், பத்து வயது முடியாதவர்கள், ஆணி மண்ணில் துணிப் பந்து எறிந்தார்கள். அண்ணன் அவர்களுக்கும் புளியங்கொட்டை நகர்த்தினார். பிறகு தோல் காயப்போடும் வெளியில் குடிசைகள் வந்தன. ஐவரும் போனார்கள்.

இருமல் அதற்கு முன்பே இருந்தது. தொட்டியில் நிற்பவர்களுக்கு இருமல் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே சீட்டு எழுதுகிறவர் வயது என்ன என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எம் தங்கச்சியக் கேளுங்க, அவதான் வயசு எழுதுவா" என்றார். அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான். கேலியாகத்தான் சொன்னார். எனக்குக் கேலியாகக் கேட்கவில்லை. நாலு மாதம் கிடந்து, ஒரு காலையில் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நோட்டில் தப்பு எழுதியவள் நான். அண்ணன் யாரையும் ஏமாற்றவில்லை. தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறப்பதால் மைதானமும் வராது, அண்ணனும் வரமாட்டார். கமிட்டிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். படிப்பார்கள் என்று நம்பிக்கை இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலு மாதமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி சுமந்த பக்கத்து வீட்டு அக்காளுக்கு. முறை வைத்துக் கூட இருந்த கிடங்குத் தோழர்களுக்கு. அண்ணனை எடுத்த அன்று செம்பூரிலிருந்து நடந்தே வந்து, தொப்பியைக் கழற்றி வெயிலில் நின்ற டிசூசாவுக்கு. தோள் கொடுத்த நால்வரில் ஒருவனான சுடலைமுத்துவுக்கு. அன்று எங்கள் அடுப்பை மூட்டிய பேச்சியக்காளுக்கு. வராதவர்களுக்கு நன்றி இல்லை.

இனி அந்தக் காலி இடம். அண்ணனின் பள்ளித் தாளில் ஜூன் ஒன்று என்று இருக்கிறது. அதைப் போடமாட்டேன். அம்மாவிடம் கேட்டேன். "அவன் பொறந்து முப்பத்தோரு கொடை" என்றாள். நடுவில் கொடை எப்போதாவது நின்றதா அம்மா என்று கேட்டேன். அம்மா வெகுநேரம் விரலை மடக்கினாள், விரித்தாள். "நம்ம ஊர்லயும் சண்டைக் காலத்துல நின்னுச்சோ என்னமோ. ஒரு வருசமா, ரெண்டா... எனக்கு ஞாபகம் இல்லியே மகளே" என்று அழுதாள்.

இந்தத் தடவை நான் கேட்டேன். பதில்தான் கிடைக்கவில்லை.