குடத்தின் மேல் பழியில்லை

என் வீட்டுக்காரர் சித்தேரி மலைக்கு பஸ் ஓட்டியவர். முதலில் கியர் போடும் கை வலுவிழந்தது. பிறகு சட்டைப் பித்தான் போட முடியவில்லை. காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்றது. பல மாதப் பரிசோதனைகளுக்குப் பின், தருமபுரியில் நரம்பு டாக்டரம்மா விளக்கினார்: தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மலைக்காற்று என்றார் மாமியார். தோட்டத்தில் தக்காளிக்கு அடித்த பூச்சிமருந்து என்றார் கொழுந்தனார். எனக்குள் வேறொரு காரணம் இருந்தது. குழாயில் தண்ணீர் வராத ஒரு வாரம், டூட்டி முடிந்து வந்த மனுஷனை நான்தான் குடம் குடமாகத் தூக்க வைத்தேன். அடுத்த வாரம்தான் கியரில் கை நழுவியது. அதை நினைத்தால் சோறு இறங்காது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே கேட்டுவிட்டேன்.

"அதனால வராதும்மா," என்றார். "சில குடும்பத்துல பரம்பரையா வரும். பூச்சிமருந்து, ஈயம், பீடி சிகரெட்னு பலதையும் சந்தேகப்படறாங்க. ஆனா பெரும்பாலானவங்களுக்கு எதனாலன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்க குடத்து மேல பழி இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "இத்தன மாசமா இதுக்காடி சாப்பிடாம கெடந்த?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டு செட் பூரி தின்றேன். குருமாவை வழித்துத் தின்பதை அவர் ரசித்துப் பார்த்தார்.

அவர் பேச்சு குழறத் தொடங்கிய பிறகு, கூட வேலை பார்த்த டிரைவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தூக்கி பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் "ஆரன்! ஆரன்!" என்று அவர் அதட்ட, ஓட்டியவர் "சரிங்கண்ணா" என்று அடித்துக்கொண்டே போனார்.

மேலே பஸ் நின்றதும், சாமை மூட்டையோடு ஏறிய அம்மா ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏங்க டிரைவரே, எங்க போயிட்டீங்க இத்தன நாளா? கையி காலு என்னாச்சுங்க? கண்ணு பட்டிருச்சோ?"

அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நிதானமாகச் சொன்னார்: "டாக்டருக்கே தெரியலயாம். உனக்குத் தெரிஞ்சிருச்சே!"

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். இந்த நோய் பின்வாங்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இறங்கும்போது, அடுத்த ஞாயிறும் வர வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். போனோம்.