ஜமீன் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிய கதை

எங்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அதில் பூந்தோட்டம் போடவேண்டும் என்பது என் கட்சி. வெங்காயப் பட்டறைதான் போடவேண்டும் என்பது என் மாமியார் கட்சி. பட்டறை என்றால் கம்பு ஊன்றி, சோளத்தட்டை கட்டி, சின்ன வெங்காயத்தை விலை ஏறும்வரை காற்றாட அடைத்து வைக்கிற கொட்டகை. குன்னம் பக்கத்தில் அது இல்லாத வீட்டை யாரும் வீட்டோடு சேர்ப்பதில்லை. அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டவைத்திருந்த சமயம் அது. அரசாங்கத்துக்கே எல்லை பிடிபடாதபோது எங்கள் வாசல் பஞ்சாயத்தை யார் தீர்ப்பது? என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நீயும் அம்மாவும் பேசிக்கிங்க" என்று மோட்டாரை நிறுத்தக் கிளம்பிவிடுவார். அந்த மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஓடியதோ.

நான் திருச்சியில் வளர்ந்தவள். என் அப்பாவுக்குப் பழைய தோட்டங்கள் என்றால் பைத்தியம். லீவு விட்டால் ஊட்டி, ஏற்காடு, தஞ்சாவூர் என்று கூட்டிப்போய், ராஜா வைத்த மரம், வெள்ளைக்காரன் வெட்டிய குளம் எல்லாவற்றையும் காட்டுவார். நகையைவிட அந்தப் பைத்தியம்தான் எனக்கு அதிகமாகச் சீதனமாக வந்தது. வந்த இடத்தில் அதற்கு மதிப்பில்லை.

அரியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஜமீன் தோட்டம் உண்டு. காணும் பொங்கலன்று மட்டும் ஊர்ச்சனத்துக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். மாமியார் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று திட்டம் போட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போனேன்.

"அத்தை, இந்தப் பாதை எப்புடி வளைஞ்சு வளைஞ்சு போவுது பாருங்க. கடைசியா திரும்பினாத்தான் கொளம் தெரியும். அதுக்குன்னே அப்புடிப் போட்டிருக்காங்க."

"நேரா போட்டிருந்தா இந்நேரம் போயி சேந்திருக்கலாம்."

புல்வெளியைக் காட்டினேன். "மாடு மேயாத புல்லு எதுக்கு?" என்றார். கல் நீரூற்றைக் காட்டினேன். "தண்ணியக் காணும். போர் போட்டுப் பாத்தானுவளா?" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை மர நிழலில் உட்காரவைத்துவிட்டு, குளக்கரை மண்டபத்தைத் தனியாகப் பார்க்கப் போனேன். அந்த அரைமணி நேரம் நான் போயிருக்கக்கூடாது.

திரும்பி வந்தபோது அவர் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தார். பாதையோரமாகக் கோரை மாதிரி ஒரு செடி நீள வரிசையாக இருந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது அந்த வரிசை இல்லை. செடியெல்லாம் பிடுங்கி, கிழங்கின்மேல் வெயில் படாதபடி அடுத்த பிடியின் தாளால் மூடி, வெங்காயம் காயப்போடுகிற பக்குவத்தில் தரையில் படுக்கவைத்திருந்தார்.

"வெங்காயம் போட்டிருக்கானுவம்மா," என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "தாளு சாஞ்சு எத்தினி நாளாச்சோ, புடுங்காம வுட்டுட்டானுவ. மோந்து பாத்தா வாசனையும் இல்ல. மருந்தடிச்சே கெடுத்திருக்கானுவ."

அது வெங்காயமில்லை. மழை பெய்தால் பூக்கிற லில்லி. கிழங்கு மட்டும் அச்சு அசல் சின்ன வெங்காயம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தோட்டக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"என்னம்மா இப்புடிப் பண்ணிட்டீங்க? வெள்ளக்காரத் தொர சம்சாரம் ஜமீனுக்குக் குடுத்த செடிங்க அது. எம்மேல கேசு வந்துரும்."

என் மாமியார் எதற்கும் அசையாதவர். அன்று முகம் சுண்டிவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்த கிழங்கைப் பிரித்து, சாண் இடைவெளியில் நட ஆரம்பித்தார். நான் தண்ணீர் தூக்கினேன். பொழுது சாய்வதற்குள் ஒரு வரிசை இருந்த இடத்தில் மூன்று வரிசை நின்றது.

தோட்டக்காரர் நடந்து நடந்து பார்த்தார். "நெருக்கிக் கெடந்துச்சு. நாலஞ்சு வருசமா சரியாவே பூக்கல," என்று தலையைச் சொறிந்தார். மிஞ்சிய கிழங்கை இரண்டு கையாலும் அள்ளி என் மாமியாரிடம் கொடுத்தார். அவர் அதை மடியில் கட்டிக்கொண்டார்.

தை முடிவதற்குள் வாசலில் பட்டறை எழும்பிவிட்டது. மாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் பாத்திரத்தோடு மட்டும் பேசினேன். பட்டறைக்கு முன்னால் அந்தக் கிழங்கை நட்டுவைத்திருந்தார். வெங்காயத்துக்குக் காவலாக வாசனையில்லாத வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு, நான் ஒருநாளும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரோ ஊற்றினார்கள். ஈரமாகத்தான் இருந்தது.

சித்திரையில் கோடைமழை கொட்டியது. மூன்றாம் நாள் பட்டறை வாசல் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. அன்றைக்குப் பார்த்து வெங்காயம் ஏற்ற வியாபாரி ஆட்களோடு வந்தார். சாக்கோடு முன்பக்கம் போனவர்களை என் மாமியார் கையை நீட்டி மறித்தார்.

"பின்னாடி தட்டையப் பிரிச்சு எடுங்க."

"ஏம்மா, கட்டுன பட்டறையப் பின்னாடி பிரிக்கறதா? இதுலயே போயிடறோம்."

"மருமவ தோட்டம்பா அது. மிதிக்காதீங்க."

சாக்குத் தைக்கச் சணல் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.