ஷாமளாவும் ஒரு மூட்டைத் தவிடும்

எங்கள் கூலாய் தாமான் குடியிருப்புக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் பக்கத்து வீட்டு ஷாமளாவிடம் முதலில் கேட்பது, "எத்தன புள்ளைங்க?" என்றுதான். பேர் கேட்பதெல்லாம் அப்புறம். அவளும் முகம் சுளிக்காமல், "ஒண்ணே ஒண்ணு. நாப்பத்தி மூணு வயசாவுது. சிங்கப்பூர்ல வேல செய்யுது" என்பாள். கேட்டவர் விழிப்பார். பின்னால் நிற்கும் அவள் புருஷன் யுகேந்திரன், "அம்மா, பசிக்குது" என்பான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வந்தவரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். என் பெயர் கிருஷ்ணம்மா. எனக்கு வாய் நீளம், பொறுமை கிடையாது. பல வருஷமாக அவள் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். சிரித்து முடித்துக் கதவைச் சாத்திய பிறகு அவள் அழுவது எனக்குக் கேட்கும்.

ஷாமளாவுக்கு செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. யுகேந்திரன் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். வைத்தியம் பார்த்த காலத்தில் டாக்டர் சொன்ன நேரத்துக்கு அவன் ஜொகூர் பாருவில் இருக்க வேண்டும். அவனோ பாலத்து நெரிசலில் ஹெல்மெட்டும் தலையுமாக மாட்டிக்கொண்டு நிற்பான். ஒரு தடவை அடித்துப்பிடித்து ஓடி வந்து பார்த்தால் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். "நம்ம கதைய படமா எடுத்தா நல்லா ஓடும்லா ஷாமு. கடைசி சீன்ல ரெட்டப் புள்ளையோட காட்டுவாங்க" என்றானாம். சினிமாக்காரனுக்கு என்ன, நினைத்தால் இரட்டைப் பிள்ளை கொடுப்பான். இவர்கள் களைத்துப்போய் வைத்தியத்தை நிறுத்தினார்கள்.

நடுவில் ஒரு முறை கரு தங்கியது. சந்தோஷம் தாங்காமல் ஷாமளா உடனே லாயாங் லாயாங்கில் இருக்கும் மாமியார் சந்திரமதிக்குப் போன் போட்டுவிட்டாள். அந்த அம்மா வாயில் எதுதான் தங்கும்? மெர்சிங்கில் இருக்கும் தூரத்து உறவு வரைக்கும் சேதி போய்விட்டது. பிறகு கரு கலைந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் வரிசையாகத் துக்கம் கேட்க வந்தார்கள். "அன்னாசி சாப்பிட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் யாரென்று தெரியும், பேரைச் சொல்லி என் நாக்கை அசுத்தப்படுத்த விருப்பமில்லை.

இந்த வருஷம் தைப்பூசம் கழிந்து, எந்த வைத்தியமும் இல்லாமல் மறுபடியும் தங்கியது. இந்தத் தடவை ஷாமளா உஷாராகிவிட்டாள். "மூணு மாசம் முடியட்டும்க்கா. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது" என்றாள். யுகேந்திரன் பாலத்தில் இருக்கும்போது அவசரம் என்றால் யார் பார்ப்பது? அதனால் எனக்கு மட்டும் சொல்லி, வீட்டுச் சாவி ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். அவள் நடப்பதே மாறிப்போயிருந்தது. நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி நடந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்திரமதியம்மா வந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். காஹாங்கில் இருக்கும் இளைய மகனுக்கும் மருமகள் பிரவீனாவுக்கும் முதல் பிள்ளை பிறந்திருந்தது. பையன். பிறந்ததிலிருந்து மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள்.

"பொறந்த நேரம் சரியில்லையாம். பெத்தவ புள்ளையா இருந்தா தங்காதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. தவிட்டுக்கு வித்துடணுமாம். ஷாமளா, நீதான் வாங்கிக்கணும்."

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுவோமே, அந்தச் சடங்குதான். ஒருத்தி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, "என் புள்ள" என்று சொல்ல வேண்டும். பிறகு பெற்றவளே அதை ஊரான் பிள்ளையாக வீட்டுக்குத் தூக்கிப்போய் வளர்ப்பாள். விதி ஏமாந்துபோகுமாம்.

"வேற யாராச்சும் வாங்கக்கூடாதா அத்த?" என்று ஷாமளா மெதுவாகக் கேட்டாள்.

"அது எப்படிம்மா? வாங்குற வீட்டுல புள்ள இருந்தா தோஷம் அந்தப் புள்ள தலையில எறங்கிடுமாம். உன் வீட்டுலன்னா யாருக்கு என்ன வந்துடப் போவுது?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சந்தைக்குப் போகச் சொல்வது போல்தான் சொன்னார். நான் ஷாமளாவைப் பார்த்தேன். அவள் கை வயிற்றுக்குப் போய், சட்டையைச் சரிசெய்வது போல் நின்றுவிட்டது. யுகேந்திரன் வாயைத் திறந்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மாமியார் போன பிறகு அவன் கத்தினான். "சொல்லிடலாம்லா! சொன்னா வேற ஆள பாத்துக்குவாங்க."

"சொல்லிட்டு? போன தடவ மாதிரி ஊரே வந்து என் வயித்த எட்டிப் பாக்கணுமா?"

"அப்ப முடியாதுன்னு சொல்லு."

"முடியாதுன்னா என்ன பேசுவாங்க? தனக்கு இல்லன்னு அடுத்தவ புள்ள சாவட்டும்னு இருக்கான்னு பேசுவாங்க. நீங்களும்தான ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க, அந்தப் புள்ள மூச்சு விடற சத்தத்தக் கேட்டீங்களா இல்லியா?"

நான் குறுக்கே விழுந்தேன். "எனக்கு இந்தத் தோஷம் கீஷம் எதுலயும் நம்பிக்க இல்லடி. ஆனாலும் சொல்றேன், போகாத."

"நம்பிக்க இல்லாட்டி ஏன்க்கா போகாதங்கறீங்க?" என்றாள்.

தவிடு வாங்கப் போனது ஒரு கூத்து. கூலாயில் தவிடு கோழித்தீவனக் கடையில்தான் கிடைக்கும். ஒரு பிடி போதும் என்று யுகேந்திரன் கேட்டிருக்கிறான். சீனக் கடைக்காரர் மூட்டையாகத்தான் விற்பாராம். "ஆயாம் பெராப்பா ஏக்கோர்?" என்று, கோழி எத்தனை வளர்க்கிறாய் என்று, மலாயில் விசாரித்தாராம். "ஒண்ணுதான் அங்கிள், ரொம்பச் சின்னது" என்று சொல்லிவிட்டு முழு மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். "அலமாக்! நம்மள என்ன மாடா வளக்கச் சொன்னாங்க?" என்று ஷாமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை லாயாங் லாயாங் கோயிலில் சடங்கு. நானும் கூடப் போனேன். பிரவீனா பிள்ளையை முறத்தில் கிடத்தி நீட்டினாள். பாவம், அவளும் பிள்ளையைப் பெற்றவள்தானே, முறத்தை உடனே விடவில்லை. ஷாமளா அவள் மடியில் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்தாள். "இது யாரு புள்ள?" என்று பூசாரி மூன்று முறை கேட்டார். இரண்டு முறை, "என் புள்ள" என்றாள். மூன்றாவது முறை குரல் எழும்பவில்லை. "சத்தமா சொல்லும்மா, சாமிக்குக் கேக்கணும்" என்று பூசாரி அதட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். தேடிக்கொண்டு போனேன். வயிற்றில் கை வைத்துக் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். "கோவிச்சுக்காத கண்ணு. அது வாய் வார்த்தைக்குச் சொன்னது. நீதான் என் புள்ள. அம்மா உன்ன விட மாட்டேன்." பார்க்காதவள் போல் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு உதிரம் கண்டது. யுகேந்திரன் சிங்கப்பூரில் இருந்தான். நான்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நெஞ்சுத் துடிப்பு இல்லை என்றார். அளவைப் பார்த்தால் துடிப்பு நின்று இரண்டு வாரம் ஆகியிருக்கும், யார் மேலும் தப்பில்லை என்று தன்மையாகவே சொன்னார்.

இரண்டு வாரம்! நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் கட்டிலருகே உட்கார்ந்து, "கேட்டியாடி? கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே நின்னு போச்சு. தவிடும் இல்ல, தோஷமும் இல்ல. நீ அந்தப் புள்ளையத் தூக்குனதால ஒண்ணும் ஆவல" என்றேன். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு கேட்டாள். "அப்ப கோயில்ல நான் யார்கிட்டக்கா பேசிக்கிட்டு இருந்தேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். சாயங்காலம் யுகேந்திரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். இந்தத் தடவை அவனிடம் சினிமாப் பேச்சு எதுவும் இல்லை. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஷாமளா கேட்டுக்கொண்டாள். சொல்லாத பிள்ளைக்குத் துக்கம் கேட்க யாரும் வரவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள்.

அடுத்த மாதம் சந்திரமதியம்மாவும் பிரவீனாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஷாமளாவுக்குப் புடவை, ஒரு பெட்டி லட்டு. என்னையும் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பையன் மூச்சு சீராகி, கன்னம் உப்பி, பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான். ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்திருக்கிறது. ஆனால் புகழ் தவிட்டுக்குப் போனது.

"யாரு புள்ளடா நீ? பெரியம்மா புள்ளதான?" என்று பிரவீனா பிள்ளையை ஷாமளா மடியில் வைத்தாள். ஷாமளா அதன் தலையைத் தடவினாள்.

சந்திரமதியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாமளாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "நீ நல்லா இருக்கணும்மா. உனக்குன்னு ஒண்ணு இல்லாததும் நல்லதுக்குத்தான் போல. யாருக்கும் ஒரு சேதாரமும் இல்லாம என் பேரன் பொழச்சுட்டான். இனிமே நம்ம குடும்பத்துல எந்தப் புள்ளைக்கு தோஷம்னாலும் உங்கிட்டதான் கொண்டாருவோம்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் எழுந்தேன். ஷாமளா என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். யுகேந்திரன் எழுந்து பின்பக்கம் போனான்.

ஷாமளா பிள்ளையைப் பிரவீனாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"கொண்டாங்க அத்த" என்றாள். "தவிடு இன்னும் நெறைய மிச்சம் இருக்கு."

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். பிரவீனாவும் சிரித்தாள்.