தம்பியைத் தேடிய வான்கப்பல்

அஸீஸாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்தது யாருடைய குற்றமும் இல்லை. அவளுடைய வாப்பா சிலாபத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம், அதிலேயே மகளைச் சேர்த்துவிட்டார். தமிழை உம்மா வீட்டில் வைத்துப் படிப்பித்தாள். பிறகு தாஹிருக்கு நிக்காஹ் செய்துகொடுத்து நுரைச்சோலைப் பக்கம் அனுப்பினார்கள். மிளகாய்த் தோட்டத்துக்கு இந்தப் படிப்பால் என்ன பிரயோசனம் என்று மாமி முதல் நாளே கேட்டாளாம். நியாயமான கேள்விதான். பிரயோசனம் பதுர்தீன் முதலாளி வீட்டில் காத்திருந்தது.

பதுர்தீன் கருவாட்டு வியாபாரி. எண்பத்தைந்தாம் ஆண்டு அந்த ஒழுங்கைத் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கரண்ட் கிடையாது, லொறி பற்றரியில்தான் பெட்டி ஓடியது. சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஊரே அங்கே கூடும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில், நடுவில் ஒரு திரைச்சீலை. அதை ஒரு முழம் ஒதுக்கிவிட்டால் பெண்களுக்கும் படம் தெரியும். அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டுத் தொடர் போனது. வானத்தில் கிரகம் கிரகமாகப் போகும் ஒரு கப்பலின் கதை. பேச்சு இங்கிலீஷ், கீழே சிங்கள எழுத்து. முதல் வாரம் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

இரண்டாவது வாரம் பதுர்தீன் திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "தாஹிர்ட பொஞ்சாதி சிங்களம் வாசிப்பாவாமே. வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க, நாங்களும் கேப்பம்" என்றார்.

இப்படித்தான் அஸீஸாவின் உத்தியோகம் தொடங்கியது. சம்பளமில்லாத உத்தியோகம். ஆண்கள் அவள் முகத்தைக் கண்டதில்லை, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். இங்கிலீஷ் பெயர்கள் எவருடைய நாக்கிலும் நிற்கவில்லை. படகுக்குத் தலைவன் தண்டயல் என்றால் வான்கப்பலுக்குத் தலைவனும் தண்டயல்தானே. பச்சைத் தோலோடு ஒருவன் இருந்தான், அவன் பச்சையன். பேசுகிற இயந்திரம் ஒன்று உருண்டு திரியும், அது பீப்பா.

அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில், அவள் ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் ஸக்கியா உட்கார்ந்திருந்தாள். பதுர்தீனின் கருவாட்டு வாடியில் மீனுக்கு உப்புப் போடுகிறவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பி ஜுனைதைத் தானே வளர்த்தாள், அவனுக்காகக் கல்யாணமும் வேண்டாமென்றாள். அந்த வருடம் ஜுனைத் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை. சண்டைக் காலம். கடல்தான் கொண்டதா, வேறு ஏதும் நடந்ததா, ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் தனியே கிடந்து அழுதவளை, கொஞ்ச நேரம் சனத்தோடு இருக்கட்டும் என்று யாரோ இழுத்து வந்து இருத்தியிருந்தார்கள்.

திரையில் தண்டயல் கப்பல் மேல்தட்டில் நின்று கையை உயர்த்திப் பேசினார். கீழே எழுத்து ஓடியது. கடைசி ஒருவன் இருக்கும்வரை அழிப்போம் என்று எழுதியிருந்தது. ரேடியோவைத் திறந்தால் இதே பேச்சு, பேப்பரைப் பிரித்தால் இதே பேச்சு. பக்கத்தில் இந்த மனுசி வேறு. அழிப்போம் என்று வரவேண்டிய இடத்தில் அவள் வாயில் வேறொன்று வந்தது.

"கடைசி மட்டும் தேடுவோம் எண்டு சொல்றார்."

"ஆரைத் தேடுற?" என்று கூடத்திலிருந்து நிக்கொலஸ் கேட்டார். பக்கத்துக் கரைவலைக்காரர், ஞாயிறு பூசைக்குத் தவறினாலும் சனிக்கிழமைக்குத் தவறாதவர்.

அஸீஸா யோசிக்கவேயில்லை. "தம்பிய" என்றாள்.

சொல்லிவிட்டாள். சொன்னதைப் பிறகு காப்பாற்ற வேண்டுமே. அது லேசான வேலையா? அந்தப் படத்தில் வாரம் தவறாமல் வெடித்தது. தண்டயல் சுட்டால், வெளிச்சம் போட்டுத் தேடுகிறார் என்றாள். எதிரிக் கப்பல் சிதறினால், உள்ளே ஆளில்லை, தம்பியும் இல்லை என்றாள். பச்சையன் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்தால், பதுர்தீன் இருமிக்கொண்டு எழுந்து பெட்டியை மறைத்து நிற்பார், உள்ளேயிருந்து "அவ அவன்ட மாமி மகள்தான், நிக்காஹ் முடிஞ்சிட்டு" என்று குரல் வரும். பதுர்தீன் நிம்மதியாக உட்காருவார். கிரகத்துக்குக் கிரகம் தண்டயல் இறங்கி, அங்குள்ளவர்களிடம் தம்பியின் அடையாளம் சொல்லி விசாரித்தார். நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி. ஜுனைதின் அடையாளம்தான். ஸக்கியா சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை அந்த நேரத்துக்கு விவசாய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டார்கள். அடுத்த சனியும் அதுதான். தொடரை நிறுத்திவிட்டார்கள், தம்பி கிடைக்காமலே. ஊர் அதை மன்னிக்கவில்லை. நிக்கொலஸ் புதுப் படகுக்கு வான்கப்பல் என்று பெயர் எழுதினார். பிள்ளைகள் பீப்பா விளையாடினார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் கையில் பையோடு வந்து இறங்கியபோது, பதுர்தீனின் வளவிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. வேலையில்லாத அந்த மாதங்களில் அவர்களுக்கும் கதை சொல்லப்பட்டது. மன்னாரிலிருந்து வந்த அத்தாஉல்லா படத்தில் ஒரு துண்டைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் தண்டயல் எந்தக் கிரகத்தில் என்ன சொன்னார் என்று அவரோடு வாதாடி வென்றவர் இல்லை. இதுவும் ஒரு ரசிகத்தனம், என்ன செய்வது.

தொண்ணூற்றாறில் அறிவித்தல் வந்தது. அதே கதையைப் புது நடிகர்களை வைத்து முதலிலிருந்து எடுத்திருக்கிறார்களாம். இந்த முறை கீழே தமிழ் எழுத்து. ஒழுங்கையே பெருநாள் கொண்டாடியது. அஸீஸா மட்டும் அதில் சேரவில்லை. அப்போது அவள் மூன்று பிள்ளைக்குத் தாய், மிளகாய்த் தோட்டத்தைப் பாதி அவள்தான் பார்க்கிறாள், எதற்கும் பயந்தவளில்லை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். ஸக்கியாவை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. அறிவித்தல் வந்த அன்றே ஸக்கியா வேலியடிக்கு வந்து, "இந்த முற முடிவு மட்டும் காட்டுவாங்கதானே புள்ள?" என்று கேட்டிருந்தாள். என்ன முடிவைக் காட்டுவார்கள்? அந்தப் படத்தில் தம்பி என்று ஒருவன் இருந்ததே இல்லை. இத்தனை வருடமும் தன்னை ஏமாற்றினாள் என்று ஸக்கியாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு எந்த முகத்தோடு அவள் வாசலுக்குப் போவது?

அந்த வருடம் நாடெங்கும் மின்வெட்டு. ஊருக்குக் கரண்ட் வந்து கொஞ்சக் காலம்தான், அதற்குள் இந்தத் தொல்லை. அஸீஸா மின்வெட்டை நம்பியிருந்தாள். அவள் கும்பிடாத குறை. சனிக்கிழமை சரியாகக் கரண்ட் போனது. பதுர்தீன் அசையாமல் லொறிப் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார்.

திரைச்சீலை இப்போது கிடையாது, பெண்கள் பின்வரிசையில் பாயில் இருந்தார்கள். புதுத் தண்டயல் வந்தார். மெலிந்த ஆள், மீசை இல்லை. மேல்தட்டில் நின்று கையை உயர்த்தினார். அத்தாஉல்லா உரத்து வாசித்தார்: "கடைசி ஒருவன் இருக்கும்வரை அழிப்போம்."

அஸீஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன மனுசன் இவன்?" என்றார் நிக்கொலஸ். "எங்கட தண்டயல் இப்படிக் கதைக்கிற ஆளா?"

"பொறுங்க, தம்பிட கத பிறகு வரும்" என்றார் பதுர்தீன்.

வரவில்லை. படம் முடியும்வரை சுட்டார்கள், தகர்த்தார்கள், தம்பியைப் பற்றி ஒரு பேச்சில்லை. அத்தாஉல்லா எழுந்து நின்றுவிட்டார். "கதையக் கெடுத்துப்போட்டானுகள். பழசப் பாக்காமலே எடுத்திரிக்கானுகள்." படத்தைப் பார்க்காமலே ரசிகரானவர் சொல்கிற சொல் இது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே வயிற்றெரிச்சல். கப்பலில் ஒரு தூசில்லை, இதுவும் ஒரு கப்பலா என்றார்கள். பீப்பாவுக்குப் பெண் குரல் போட்டதைப் பதுர்தீனால் பொறுக்கவே முடியவில்லை. சனத்தின் கண் முன்னாலேயே குட்டு உடைந்தும், அஸீஸாவை நோக்கி ஒரு விரல் நீளவில்லை. ஊர் அவளை நம்பியது, படம் எடுத்தவனைத்தான் சந்தேகித்தது.

திட்டிக்கொண்டு போனவர்கள் அடுத்த சனியும் முதல் ஆளாக வந்தார்கள். பிள்ளைகளுக்குப் புதியது நன்றாகப் பிடித்துக்கொண்டது. நிக்கொலஸ் கூட, "கப்பல் பறக்கிற பறப்பு மட்டும் நல்லாத்தான் இருக்கு, இல்லையெண்டு சொல்லேலாது" என்று மெல்ல முணுமுணுத்தார். அத்தாஉல்லா அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

ஸக்கியா மட்டும் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. அஸீஸாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஞாயிறு காலை, வந்தது வரட்டும் என்று போனாள்.

ஸக்கியா வாசலில் இருந்து மீன் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். "வா புள்ள" என்று பலகையைத் தள்ளிப்போட்டாள். அஸீஸா உட்காரவில்லை.

"ராத்தா, அந்தப் படத்தில தம்பி இல்ல. பழசிலயும் இல்ல. நான்தான்..."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"தொடங்கி மறு கிழமையே தெரியும். கருவாடு ஏத்த வாற லொறிக்கார பியதாசவும் அந்தப் படம் பாக்கிறவன். தண்டயல் தம்பியத் தேடுற கதைய அவனுக்குச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சான். அது முழுக்கச் சண்டக் கத அக்கே எண்டான்."

அஸீஸா பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஏன் ராத்தா வந்துவந்து கேட்டீங்க?"

ஸக்கியா கத்தியைக் கீழே வைத்தாள். "ஜுனைத் போன புதுசில ஊரே தேடின. பொலிசுக்குப் போனாங்க, பள்ளிவாசல்ல சொன்னாங்க, படகுக்காரச் சம்மாட்டி ஆள் அனுப்பினார். கொஞ்ச நாள். பிறகு ஒருத்தரும் அவன்ட பேரை எடுக்கிறல்ல. எடுத்தா நான் அழுவன் எண்டு பயம். நீ மட்டும்தான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தேடின. தழும்பச் சொல்லி, கன்னத்துக் குழியச் சொல்லி. படத்தில ஒருத்தனும் தேடல்ல புள்ள. நீதான் தேடின."

அஸீஸா வாய்விட்டு அழுதாள். ஸக்கியா உப்புக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு அவளுடைய தலையைத் தடவினாள்.

"இப்ப தமிழில எழுத்து ஓடுது" என்றாள் பிறகு. "இனி உன்னால அதுக்குள்ள தேட ஏலாது. எனக்கும் களைச்சுப்போச்சு. முடிச்சுத் தா மகள்."

"எப்படி முடிக்க?"

"கிடைச்சான் எண்டு முடி. எப்படிக் கிடைச்சாலும் சரி."

அஸீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியா ஒரு கிரகம், ராத்தா. அங்க கடல்தான் கூட, தரை கொஞ்சம். நம்மளப் போலவே மீன்பிடிக்கிற சனம். தண்டயல் இறங்கி அடையாளம் சொன்னார். ஒரு கிழவன், ஓம், இப்படியொரு புள்ள கரையில ஒதுங்கினான் எண்டு சொன்னான்."

"உசிரோடயா?"

அஸீஸா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். ஆமென்று சொல்லிவிடலாம். இத்தனை வருடம் சொன்னதற்கு இன்னுமொன்று. "இல்ல ராத்தா" என்றாள். "ஆனா அவங்க நல்ல சனம். சொந்தப் புள்ளயப் போலக் குளிப்பாட்டி, வெள்ளத் துணி போட்டு, தொழுது அடக்கினாங்க. முகத்த மூட முன்ன எல்லாரும் ஒரு தரம் பாத்தாங்களாம்."

ஸக்கியா நிமிர்ந்தாள். "அங்கயிருந்து மக்கத்துக் கிப்லா எந்தப் பக்கமெண்டு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூமி தெரியிற பக்கம் முகத்தத் திருப்பி வெச்சாங்க."

ஸக்கியா தலையை ஆட்டினாள். அது சரியென்று பட்டது அவளுக்கு. பிறகு, ஜுனைத் காணாமல் போன நாளிலிருந்து அவன் பேரில் எவரையும் சொல்லவிடாத, மரணச் செய்திக்குச் சொல்லும் வார்த்தையை அவளே சொன்னாள். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." குரல் உடையவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள். அஸீஸா பக்கத்திலிருந்து மிச்ச மீனுக்கு உப்புத் தடவினாள்.

அடுத்த சனிக்கிழமை பதுர்தீன் வீட்டில் பெட்டிக்கு முன்னால் வழமையான சண்டை. பழைய தண்டயலின் நடையில் பாதிகூட இவனுக்கு வராது என்று அத்தாஉல்லா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸக்கியா வந்து பாயில் அஸீஸாவுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். புதுத் தண்டயலைக் கொஞ்ச நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இவர் வேற ஆள்தானே, அத்தாஉல்லா" என்றாள். "நம்மட கத முடிஞ்சு. இது வேற ஆக்கள்ட கத. சும்மா இரிங்க, இதையும் பாப்பம்."

அத்தாஉல்லா திரும்பி, தம்பி கிடைத்தானா என்று கேட்டார்.

"கிடைச்சிட்டான்" என்றாள் ஸக்கியா.