அப்பாவைக் கேட்கச் சொன்ன கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தி, கற்பூரம் காட்டினோம். எலுமிச்சம்பழம் நசுக்குவதற்குச் சக்கரம் இல்லாததுதான் அப்பாவுக்குக் குறை. பூஜை முடியும்வரை பொறுமையாக நின்ற கடைப்பையன், "இதுக்கு யாரு சார் அட்மினிஸ்ட்ரேட்டர்?" என்று கேட்டான். அப்படியென்றால் என்ன என்றார் அப்பா. "ஊட்ல எல்லாத்துக்கும் உத்தரவு குடுக்கிறவரு சார்."

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். எங்களையெல்லாம் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பாஸ்வேர்டு போட்டார். அது அவருக்கும் அந்த முருகனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தத் தை மாதம் அப்பா மாலை போட்டுப் பழனிக்குப் பாதயாத்திரை போனார். மேனாம்பேட்டில் எங்கள் தெருவிலிருந்தே ஒரு கூட்டம் போயிற்று. அவர் போன பிறகுதான் அக்காவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வர வேண்டும், கம்ப்யூட்டரில் உட்கார வைத்துப் பில் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். அவளுடைய கம்ப்யூட்டர் கிளாஸ் டீச்சர், வீட்டில் பழகிக்கொள் என்று கணக்கு சாஃப்ட்வேர் சிடி ஒன்றைக் கொடுத்திருந்தார். அதே நேரத்தில் கோவில்பதாகையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகவும் ஒரு பேச்சு இருந்தது. எனக்கு ஒன்பது வயது. வந்தால் ஜாங்கிரி கிடைக்கும் என்பதுதான் அதில் எனக்கு விளங்கிய சங்கதி.

அக்கா சிடியைப் போட்டாள். புதிதாக எதை ஏற்றவும் அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி வேண்டும், பாஸ்வேர்டைக் கொடு என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. மூடினாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கட்டம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அதுதான். தோழிக்குப் போன் செய்து கேட்டதற்கு, ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடு என்றாள் அவள்.

"குடுத்தேண்டி. அட்மினிஸ்ட்ரேட்டரா ஓடுன்னு சொன்னா, மொதல்ல போய் அவரைக் கூட்டிகினு வான்னுது."

பொறுக்க முடியாமல் அப்பாவின் செல்லுக்கே அடித்தாள். பூஜை அறையில் மணி அடித்தது. விரதம் என்று போனைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார் மனிதர்.

அப்புறம் அம்மா கந்தன், கடம்பன், வேலன், குகன் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அக்கா தட்டிக்கொண்டே வந்தாள். முருகனுக்குப் பெயருக்கா பஞ்சம். எந்தப் பெயருக்கும் அந்தக் கட்டம் இரங்கவில்லை. கடைசியில் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடை அண்ணனை நான் போய்க் கூட்டிவந்தேன்.

அவர் பார்த்துவிட்டு, "பூட்டு அவரு போட்டது, சாவியும் அவராண்டதான் கீது" என்றார். "என்னாண்ட ஒரு சிடி கீதும்மா. அத்தப் போட்டா பாஸ்வேர்டையே தூக்கிர்லாம். உள்ள கீற பாட்டு, போட்டோ எதுவும் பூடாது. ஆனா அவரு வந்து தொட்டாருன்னா தெரிஞ்சிடும். அப்பால என் கடையாண்ட வந்து சத்தம் போடக் கூடாது, சொல்ட்டேன்."

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அப்பாவைக் கேட்காமல் வீட்டில் ஓர் ஆணிகூட அடித்தறியாதவள் அவள். "இரு தம்பி. பூக்கட்டிப் பாத்துர்லாம்."

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கம்ப்யூட்டரு அப்பாவக் கேளுங்குது. நீ சாமியக் கேக்குறேங்கிற. என்னை ஒருத்தரும் கேக்க மாட்றீங்க."

அம்மா வாசலுக்குப் போய்ப் பூப்பறித்து வந்தாள். காலண்டர் தாளைக் கிழித்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் போட்டாள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்கும் வேலை என்னுடையது. கைகால் கழுவி, கண்ணை மூடி, முருகா என்று ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை நந்தியாவட்டை.

அம்மா அதைக் கண்ணில் ஒற்றி அக்காவின் தலையில் வைத்தாள். "போடுப்பா அந்த சிடிய" என்றாள். அவள் அத்தனை உறுதியாகப் பேசி நான் கேட்டதேயில்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் மனம் கேட்காமல் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டைதான்.

ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். "அம்மா, செவப்பு வைக்க மறந்துட்டியா?"

அம்மா அந்தப் பூவை என் கையிலிருந்து வாங்கி என் சடையில் செருகினாள். "ஆமாண்டி, மறந்துட்டேன். போய்ப் படி."

பாவம், அன்றைய பதற்றத்தில் மறந்திருப்பாள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் வாசலில் நந்தியாவட்டையை ஒட்டியே நின்ற செவ்வரளி, அந்தத் தை மாதம் முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூத்துத்தான் கிடந்தது.