வடைக்கு மேலே ஒரு டச்சு விளக்கு

பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறேன். உளுந்து வடைகள் ஆறிவிடாமல் இருக்க, தட்டுக்கு மேல் ஒரு மேசை விளக்கு தலைகுனிந்து சூடு காட்டிக்கொண்டிருக்கிறது. காளான் மாதிரி மஞ்சள் தகரத் தலை, ஒல்லியான கறுப்புக் கழுத்து. எழுபது வயதாவது இருக்கும். குனிந்து பார்த்தால், அடித்தட்டின் விளிம்பில், பழைய விளக்குகள் சேர்க்கும் நான் இத்தனை வருடம் படங்களில் மட்டுமே பார்த்த டச்சு வடிவமைப்பாளரின் முத்திரை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அக்கா, இதை எனக்குத் தருவீங்களா? கேட்ட விலை கொடுக்கிறேன்.”

“தரலாம் தம்பி. ஆனா இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வெளியில குடுக்கிறேல்லை.”

“இது கரண்ட் விளக்கு, அக்கா! ஹாலந்துல ஒருத்தர் செஞ்சது. காலையில எனக்கு ஃப்ளைட்.”

“ஆர் செய்தாலென்ன, விளக்கு விளக்குத்தானே?”

என் முகம் தொங்கிவிடுகிறது. அக்கா கொஞ்சம் யோசிக்கிறார். சுவிட்சை அணைக்கிறார். கைத்துணியால் பல்பைக் கழற்றி, லட்சுமி படத்துக்கு முன்னால் வைக்கிறார்.

“இப்ப இது வெறும் தகரம். கொண்டு போங்கோ.”

காசைக் கொடுத்துவிட்டு, வடை மணக்கும் தகரத்தை நெஞ்சோடு அணைத்தபடி மெட்ரோவுக்கு ஓடுகிறேன். பின்னாலிருந்து குரல் துரத்துகிறது:

“தம்பி! விடியுமட்டும் பல்ப் போட்டிடாதேங்கோ!”